‘அங்க இருக்கான்டா’ என்றால் எங்கே?

வாசகர் கேள்வி:

அண்ணா, எனக்குச் சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம். மூன்று வருடமாக ஜோகன்னஸ்பர்க்கில், ஃபோர்ட்ஸ்பர்க்கில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கிறேன். ஒரே வீட்டில் ஐந்து பேர் தங்கியிருக்கிறோம், எல்லாரும் தமிழ்நாடுதான். ஊரில் போனில் பப்ஜி ஆடிய பழக்கம் உண்டு. நான்கு மாதத்துக்கு முன்னால் ஐந்து பேரும் சேர்ந்து கவுன்டர் ஸ்டிரைக் 2 என்ற கம்ப்யூட்டர் துப்பாக்கிச் சண்டை விளையாட்டை ஆட ஆரம்பித்தோம். பத்து ஆட்டத்தில் எட்டு தோற்கிறோம். எனக்குக் குறியே சரியில்லை. மவுஸின் வேகம் 1600 டிபிஐ, விளையாட்டுக்குள் வேகம் 2.5 வைத்திருக்கிறேன். 2000 ரேண்டில் ஒரு நல்ல மவுஸ் பார்த்து வைத்திருக்கிறேன், வாங்கலாமா? தனியாகப் போய் வேற்று ஆட்களோடு ஆடினால் என் இங்கிலீஷைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். எங்களில் ஒருவர் அரிய கத்தி வரும் என்று விளையாட்டுக்குள் காசு கொடுத்துப் பெட்டி திறந்து திறந்து போன மாதம் 3000 ரேண்ட் விட்டுவிட்டார். எனக்கு வயது 27. இதைக் கற்றுக்கொள்ள லேட்டாகிவிட்டதா? கடைசியாகத் தோற்ற ஆட்டத்தின் டெமோவை, அதாவது பதிவை, அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பயிற்சியாளர் பதில்:

தம்பி, உங்கள் டெமோவை இரண்டு முறை ஓடவிட்டேன். முதல் முறை ஆட்டத்தைப் பார்த்தேன். இரண்டாம் முறை திரையைப் பார்க்காமல் உங்கள் ஐந்து பேர் குரலை மட்டும் கேட்டேன். நீங்கள் ஏன் தோற்கிறீர்கள் என்பது இரண்டாம் முறையில்தான் தெரிந்தது. குறியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதையும் சொல்கிறேன். ஆனால் முதலில் இது.

ஏழாவது ரவுண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மேப், அதாவது களம், டஸ்ட் 2. அதில் ஏ, பி என்ற இரண்டு சைட்டில் ஒன்றில் தாக்குகிற ஐந்து பேர் பாம் வைக்கப் பார்ப்பார்கள், காக்கிற ஐந்து பேர் தடுப்பார்கள். நீங்கள் காக்கும் பக்கம், பி சைட்டில் தனியாக, காருக்குப் பின்னால் நிற்கிறீர்கள். டனலிலிருந்து மூன்று பேர் ஒன்றாக வருகிறார்கள். நீங்கள் பயப்படாமல் நின்று சுடுகிறீர்கள். ஒருவனுக்கு 100 உயிரில் 84 அடி விழுகிறது. மற்ற இருவர் உங்களைச் சாய்த்துவிடுகிறார்கள். அந்த நொடியில் நீங்கள் கத்தியது இது: “ஐயோ டேய் டேய், அங்க இருக்கான்டா, போச்சுடா!”

இப்போது அதே நொடியில் மற்ற நால்வரின் திரையைப் பாருங்கள். டெமோவில் ஒவ்வொருவர் கண்ணாலும் பார்க்க முடியும். லாங் என்ற இடத்தில் நின்றவர் இன்னும் கவனமாக லாங்கையே பார்க்கிறார். ஷார்ட்டில் இருந்தவர் மிட் கதவுப் பக்கம் திரும்புகிறார். ஏ சைட்டில் இருந்தவர் அந்த இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றி நிற்கிறார். மிட்டில் இருந்தவர், பி-க்கு மிகப் பக்கத்தில் இருந்தவர், “எங்கடா?” என்று கேட்கிறார். அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை, ஏனென்றால் நீங்கள் மேஜையைத் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள், அந்தச் சத்தமும் பதிவாகியிருக்கிறது. பாம் வைத்தாகிவிட்டது என்று விளையாட்டே அறிவித்த பிறகுதான் எல்லாரும் பி-க்கு ஓடுகிறார்கள். 84 அடி வாங்கியவன் 16 உயிரோடு அங்கே நிற்கிறான். பிஸ்டலில் ஒரு குண்டு பட்டாலே விழுந்துவிடுவான். அது உங்கள் நண்பர்கள் யாருக்கும் தெரியாது. அதனால் அவனைத் தேடாமல், முழு உயிரோடு இருந்த இன்னொருவனிடம் போய் மோதிச் சாகிறார்கள்.

நீங்கள் அந்த ரவுண்டில் கெட்டிக்காரத்தனமாகத்தான் ஆடினீர்கள். தனி ஆள், எதிரே மூன்று பேர், ஒருவனைக் குற்றுயிராக்கிவிட்டீர்கள். அந்த வேலையெல்லாம் வீணானது “அங்க” என்ற ஒரு சொல்லால்.

இந்த விளையாட்டில் புதிதாக வருபவர் ஒரு ரவுண்டில் ஒருவரையாவது வீழ்த்த வேண்டும் என்று தவிக்கிறார். அந்தத் தவிப்பை விடுங்கள். முதல் ஆறு மாதம் நீங்கள் சாகத்தான் செய்வீர்கள், அதில் ஒரு தப்பும் இல்லை. சாகும்போது மற்ற நால்வர் கையில் என்ன கொடுத்துவிட்டுப் போகிறீர்கள் என்பதைத்தான் நான் பயிற்சி கொடுக்கும் பிள்ளைகளிடம் பார்க்கிறேன்.

சொல்ல வேண்டியது நான்கு விஷயம்தான்: இடம், எத்தனை பேர், யாருக்கு எவ்வளவு அடி, பாம் கண்ணில் பட்டதா. அந்த வரிசையிலேயே சொல்லிப் பழகுங்கள். “டனல், மூணு, ஒருத்தன் 84, பாம் பார்த்தேன்.” இதைச் சொல்ல இரண்டு விநாடி ஆகும். இடத்தை ஏன் முதலில் சொல்லச் சொல்கிறேன் என்றால், பாதியில் குரல் அறுந்துபோனாலும் அந்த ஒரு சொல் போய்ச் சேர்ந்துவிடும். “ஐயோ”வுக்கு அப்புறம் நிறைய நேரம் இருக்கிறது.

இடங்களுக்கு என்ன பெயர் சொல்வது என்று யோசிக்க வேண்டாம். லாங், ஷார்ட், மிட், டனல், கார் என்று உலகம் முழுக்கச் சொல்கிற பெயர்களையே நீங்களும் சொல்லுங்கள், மற்றதையெல்லாம் தமிழில் பேசுங்கள். பெயர் இல்லாத மூலை முடுக்குகளுக்கு நீங்களே பெயர் வைத்துக்கொள்ளலாம், ஐந்து பேருக்கும் ஒரே பெயராக இருந்தால் போதும். இங்கே டர்பனில், சாட்ஸ்வொர்த் பிள்ளைகள் சிலருக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் இல்லை, அவர்களுக்குத் தெரிந்த தமிழ் பத்து இருபது சொல்தான் இருக்கும். அவர்கள் ஒரு மூலைக்கு ‘ஆயா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே ஒளிகிறவன் ரவுண்டு முடியும் வரை உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டானாம். “ஆயா, ஒன்!” என்று ஒருவன் கத்தினால் ஐந்து பேருக்கும் ஒரே இடம் கண்ணில் வருகிறது. எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் மனசு நிறைந்துவிடும், அது வேறு விஷயம்.

நீங்கள் ஜோகன்னஸ்பர்க்கில் இருப்பதால் பார்த்திருப்பீர்களோ என்னவோ, டர்பன் இந்தியர் வீடுகளில் ‘துனி’ என்று ஒரு சீட்டாட்டம் உண்டு. தண்ணி என்ற நம் சொல்லிலிருந்து வந்த பெயர் என்று இங்கே சொல்வார்கள். 24 சீட்டு, இரண்டு பேர் இரண்டு பேராக ஜோடி. ஜாக்கிக்குத்தான் மதிப்பு அதிகம், அடுத்து ஒன்பது. ஊரில் நாம் ஆடுகிற முந்நூற்றி நாலுக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும். அதில் நன்றாக ஆடுகிற பெரியவரைக் கவனித்தால், அவர் தன் கையைவிட ஜோடியின் கையைத்தான் அதிகம் யோசிப்பார். அவன் எந்தச் சீட்டைப் போட்டான், எதைப் போடாமல் வைத்திருக்கிறான், இப்போது அவனுக்கு நான் எதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று. கவுன்டர் ஸ்டிரைக்கிலும் இதே புத்திதான் வேண்டும். இங்கே வாய் திறந்து சொல்லவும் அனுமதி இருக்கிறது, அதை ஏன் விடுவானேன்?

சரி, செத்த பிறகு? இரண்டு விநாடியில் செய்தியைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு போட்டியில் என் அணிப் பையன் ஒருவன் கடைசி ஆளாக மிஞ்சினான். பாமை வைத்தாகிவிட்டது, எதிரியும் ஒருவன்தான். பாம் வெடிக்க 40 விநாடி. எதிரி செயலிழக்கச் செய்ய ஆரம்பித்தால் ஒரு சின்னச் சத்தம் கேட்கும். கையில் கருவி இருந்தால் 5 விநாடி, இல்லையென்றால் 10 விநாடி அவன் அசையாமல் நின்றாக வேண்டும். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எட்டிப் பார்த்தால் அவனைச் சுட்டுவிடலாம். ஆனால் செத்துப்போன நால்வரும் பையன் காதில் ஒரே நேரத்தில் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். இடது பக்கம் பார், ஸ்மோக் (புகைக்குண்டு) போடு, காத்திரு, போ. அவனுக்கு அந்தச் சத்தம் கேட்கவே இல்லை. பாம் செயலிழந்ததும்தான் நிமிர்ந்து பார்த்தான். அவன் முகம் எனக்கு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. அந்த நால்வரை அதுவரை கட்டுப்படுத்தாமல் விட்டது என் குற்றம். அன்றிலிருந்து என் அணிகளில் கடைசி ஆள் ஆடும்போது மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட வேண்டும் என்பது விதி.

உங்கள் வீட்டில் இது இன்னும் கஷ்டம். ஐந்து பேரும் இரண்டு அறையில் உட்கார்ந்து ஆடுகிறீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஒரே குரல் பதிவில் இரண்டு முறை கேட்கிறது. மைக்கில் ஒன்று, சுவர் வழியாக ஒன்று. ஹெட்செட் போட்டுக்கொள்ளுங்கள், நடுவிலிருக்கும் கதவைச் சாத்துங்கள். இந்த விளையாட்டில் காலடிச் சத்தம் பாதிக் கண். ஓடினால் சத்தம் வரும், ஷிஃப்டை அழுத்தி நடந்தால் வராது. எதிரி எந்தப் பக்கத்திலிருந்து ஓடி வருகிறான் என்பது அவனைப் பார்ப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். சுவர் வழியாக வரும் சத்தம் அதைக் கெடுத்துவிடும்.

இப்போது குறிக்கு வருகிறேன். உங்கள் குறி மோசமில்லை. நீங்கள் ஓடிக்கொண்டே சுடுகிறீர்கள், அதுதான் பிரச்சினை.

போன் விளையாட்டில் நகர்ந்துகொண்டே சுடுவது பெரிய தப்பில்லை. இங்கே அப்படிச் சுட்டால் குறி எதிரியின் நெற்றியிலேயே இருந்தாலும் குண்டு சிதறிப் போகும். கை நடுங்கியதால் அல்ல, விளையாட்டின் விதியே அது. சுடுகிற நொடியில் நீங்கள் நின்றிருக்க வேண்டும். இதை நான் வார்த்தையில் சொல்வதைவிட நீங்களே கண்ணால் பார்த்துவிடுங்கள். பயிற்சிக்கு ஒரு மேப்பைத் தனியாகத் திறந்து, ஒரு வெறும் சுவருக்குக் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்ளுங்கள். டி விசையை அழுத்தி வலப்பக்கம் ஓடியபடியே ஏகே 47-இல் ஒற்றைக் குண்டு சுடுங்கள். இப்படிப் பத்து முறை. சுவரில் துளைகள் குறியைச் சுற்றி எங்கெங்கோ இருக்கும். அப்புறம் அதே மாதிரி ஓடி, டி-யை விட்டுவிட்டு ஏ விசையை ஒரே ஒரு தட்டுத் தட்டி, அந்தக் கணமே சுடுங்கள். பத்து முறை. இப்போது துளைகள் நீங்கள் குறி வைத்த இடத்திலேயே விழும்.

எதிர் விசையைத் தட்டுவது எதற்கு? சைக்கிளில் பெடலை மிதிப்பதை நிறுத்தினாலும் வண்டி கொஞ்ச தூரம் உருண்டுதானே நிற்கும்? இங்கும் விசையை விட்டதும் ஆள் சற்று வழுக்கிக்கொண்டுதான் நிற்பான். எதிர் விசைதான் பிரேக். கடை அடைத்து வந்ததும் ஆட்டத்தைத் தொடங்குவதற்கு முன்னால் தினமும் பத்து நிமிடம் இந்தச் சுவர்ப் பயிற்சி செய்யுங்கள். மூன்றாவது வாரம் விரல் தானாகவே செய்யும்.

இன்னொன்று, உங்கள் குறி எந்நேரமும் தரையில் கிடக்கிறது. லாங் கதவைத் தாண்டி வெளியே வரும்போது நிறுத்திப் பாருங்கள்: திரையின் நடுவில் இருப்பது மணல்தான். எதிரி தென்பட்டதும் மவுஸை மேலே ஏற்றி, அப்புறம் பக்கவாட்டில் நகர்த்தி, அப்புறம் சுட வேண்டியிருக்கிறது. அவனுக்கோ ஒரே அசைவு போதும். நடக்கும்போதே குறியை ஒரு ஆள் தலை உயரத்தில் பிடித்துக்கொண்டு, அடுத்து ஆள் வரக்கூடிய விளிம்பை ஒட்டியே கொண்டுபோங்கள். மரப்பெட்டி, கதவு நிலை, சுவரில் உள்ள கோடு என்று ஒவ்வொரு இடத்திலும் தலை உயரத்தைக் காட்டித்தரும் ஏதோ ஒன்று இருக்கும், அதை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். ஏகே 47-இல் தலையில் ஒரு குண்டு பட்டால் ஹெல்மெட் போட்டிருந்தாலும் ஆள் காலி. நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தால் மூன்று நான்கு குண்டு வேண்டும், அதற்குள் அவன் திருப்பி அடித்துவிடுவான். சுடும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கவும் வேண்டாம். ஏகே முதலில் மேலே ஏறும், அப்புறம் பக்கவாட்டில் இழுக்கும். இப்போதைக்கு இரண்டு மூன்று குண்டாகச் சுடுங்கள், துப்பாக்கியை அடக்குகிற வித்தையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மவுஸ் வாங்க வேண்டாம். 2000 ரேண்டை ஊருக்கு அனுப்புங்கள். 1600 டிபிஐ-யும் 2.5-உம் என்றால், மவுஸை ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் நகர்த்தினாலே உங்கள் ஆள் ஒரு முழு வட்டம் சுற்றிவிடுவான். ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் 360 டிகிரி. அந்த வேகத்தில் தூரத்தில் இருக்கிற ஒரு தலையில் குறியை நிறுத்த யாராலும் முடியாது. டிபிஐ-யை 800 ஆக்குங்கள், விளையாட்டுக்குள் 1 வையுங்கள். அப்போது முழு வட்டத்துக்கு 52 சென்டிமீட்டர் வரும். முதல் மூன்று நாள் மாட்டு வண்டி ஓட்டுகிற மாதிரி இருக்கும், கோபம்கூட வரும். மணிக்கட்டை மட்டும் அசைக்காமல் முழங்கையோடு சேர்த்து நகர்த்துங்கள். செலவு செய்தே ஆக வேண்டும் என்றால் ஒரு பெரிய மவுஸ் பேட் வாங்குங்கள், அது இதில் பத்தில் ஒரு பங்கு விலைக்கே கிடைக்கும். லேப்டாப்பில் படம் திணறினால் காட்சித் தரத்தை எல்லாம் தாழ்த்துங்கள். அழகு குறையும், ஆட்டம் வழுக்கிக்கொண்டு ஓடும்.

பன்னிரண்டு ரவுண்டு முடிந்து பக்கம் மாறி நீங்கள் தாக்கும்போது இன்னொரு கோளாறு தெரிகிறது. டனலுக்குள் ஐந்து பேரும் ரயில் பெட்டி மாதிரி போகிறீர்கள், ஆனால் பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே பெரிய இடைவெளி. முதலாமவர் வெளியே போய் விழுகிறார். நான்கு விநாடி கழித்து இரண்டாமவர் போகிறார், அதே இடத்தில் நிற்கும் அதே எதிரியிடம் விழுகிறார். அந்த எதிரி ஒருவனே மூன்று பேரைச் சாய்த்தான். அவன் பெரிய கெட்டிக்காரன் இல்லை, நீங்கள் தனித்தனியாக வந்தீர்கள், அவ்வளவுதான். இரண்டாமவர் முதலாமவரின் தோளை உரசுகிற மாதிரி போக வேண்டும். முதலாமவரைச் சுடுகிற நொடியில் எதிரியின் குறி அவர் மேல் இருக்கும், இரண்டாமவர் அவனை உடனே சுட்டுவிடலாம். இதைத்தான் ட்ரேட் என்கிறார்கள். யார் முதலில் போவது என்பதை ரவுண்டு ஆரம்பிக்கும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் போகிறவர் சாக வாய்ப்பு அதிகம். அதனால் அதை எப்போதும் ஒருவர் தலையிலேயே கட்டாமல் மாறி மாறிப் போங்கள்.

அடுத்து, ஆயுதம் வாங்க விளையாட்டு தருகிற பணத்தைப் பற்றி. வீட்டு வாடகையை ஐந்து பேரும் ஒரே தேதியில் எடுத்து வைக்கிறீர்கள் அல்லவா? இதையும் அப்படிச் செய்யுங்கள். முதல் ரவுண்டில் ஆளுக்கு 800 டாலர். ஜெயித்தால் குறைந்தது 3250 வரும். தோற்றால் குறைந்தது 1400, தொடர்ந்து தோற்கத் தோற்க 500 கூடிக்கொண்டே 3400 வரை போகும். ஏகே 2700, கவசமும் ஹெல்மெட்டும் 1000, ஸ்மோக் 300, கண்ணைக் கூசவைக்கும் ஃபிளாஷ் குண்டு 200. ஆக, ஒழுங்காக ஆயுதம் எடுக்க ஆளுக்கு 4200 வேண்டும். உங்கள் ஆட்டத்தில் ஐந்தாவது ரவுண்டில் இரண்டு பேர் துப்பாக்கியோடும் மூன்று பேர் பிஸ்டலோடும் போனீர்கள், தோற்றீர்கள். அடுத்த ரவுண்டில் அந்த மூன்று பேர் துப்பாக்கி வாங்க, முதல் இருவர் கையில் காசில்லை. இப்படியே அரைகுறையாக நான்கு ரவுண்டு போய்விட்டது. ஒருவருக்குப் பணம் போதாவிட்டால் பணம் அதிகமாக இருப்பவர் ஒரு துப்பாக்கி வாங்கிக் கீழே போட்டுக் கொடுக்கலாம். அப்படியும் முடியாவிட்டால் ஐந்து பேருமே அந்த ரவுண்டில் கையைக் கட்டிக்கொண்டு அடுத்த ரவுண்டில் சேர்ந்து வாங்குங்கள்.

பத்தாவது ரவுண்டில் திருச்சி நண்பர் என்று நீங்கள் கூப்பிடுகிறவர் ஒன்று சொல்கிறார்: “இரு இரு, அவங்ககிட்ட காசு இல்ல, பக்கத்துல வந்து அடிப்பாங்க, தூரத்துல நில்லுங்க.” அவர் சொன்னது மெத்தச் சரி. ஆனால் நீங்கள் யாரும் காதில் வாங்கவில்லை. ஐந்து பேரில் எதிரியின் பணத்தைக் கணக்குப் போடுகிறவர் அவர் ஒருவர்தான், அதுவும் குரலை உயர்த்தாமல் சொல்கிறார். அவரைத் தலைவராக வையுங்கள். அவர் எத்தனை பேரை வீழ்த்துகிறார் என்று பார்க்க வேண்டாம். இந்த நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குப் போய் காம்ப்ளெக்ஸிட்டி அணிக்குத் தலைமை தாங்கிய ஜானி தியோடோசியூவை ஜே.டி. என்றுதான் ரசிகர்கள் அறிவார்கள். சுடுவதோடு சேர்த்து, ரவுண்டுக்கு ரவுண்டு எங்கே போவது, எப்போது போவது என்று மற்ற நால்வருக்கும் சொல்வது அவர் வேலை. ஐந்து பேரும் தலைவராக இருக்கிற அணியில் யாருமே தலைவர் இல்லை.

மேப் ஒன்றே ஒன்று போதும். காம்பெடிட்டிவ் பிரிவில் எந்த மேப்பில் ஆட வேண்டும் என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம், ரேங்க்கும் மேப்புக்கு மேப் தனியாகத்தான் வரும். மூன்று மாதம் டஸ்ட் 2-ஐ விட்டு வெளியே வராதீர்கள். ஸ்மோக் வீசும் வித்தைகள் ஐம்பது அறுபது என்று யூடியூபில் கிடக்கும். ஐந்து பேரும் ஆளுக்கு ஒன்று கற்றுக்கொண்டாலே தாராளம்.

உங்களுக்கு இந்த ஊரில் ஒரு வசதி இருக்கிறது. விளையாட்டின் சர்வர் ஜோகன்னஸ்பர்க்கிலேயே இருக்கிறது. செட்டிங்கில் ஏற்றுக்கொள்ளும் அதிகபட்ச பிங், அதாவது சர்வருக்குச் செய்தி போய்வரும் நேரம், எவ்வளவு என்று ஒரு இடம் இருக்கும், அதை 50-க்குக் கீழே வையுங்கள். அதிகமாக வைத்திருந்தால் ராத்திரி ஆள் குறைவான நேரத்தில் ஐரோப்பா சர்வரில் தள்ளிவிடும், அங்கே 150-க்கு மேல் பிங் வரும், நீங்கள் எதிரியைப் பார்ப்பதற்குள் அவன் சுட்டிருப்பான். ஐந்து பேர் ஒரே வைஃபையில் தொங்காமல் ரவுட்டரிலிருந்து கேபிள் இழுத்துக்கொள்ளுங்கள். மின்வெட்டு 2023-இல் இருந்த மாதிரி இப்போது இல்லை, இருந்தாலும் ரவுட்டருக்கு ஒரு சின்ன பேட்டரி வைத்துக்கொள்வது நல்லது. ஆட்டத்தின் நடுவே காணாமல் போனால் உங்களுக்குத் தடை விழும். முதல் முறை அரை மணி நேரம், திரும்பத் திரும்ப நடந்தால் ஏழு நாள் வரை.

உங்கள் இங்கிலீஷைக் கேட்டுச் சிரிப்பவர்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. 12 ஆட்சிமொழி உள்ள நாடு இது. எதிர்முனையில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு இங்கிலீஷ் தாய்மொழியாக இருக்காது. அப்புறம், இந்த விளையாட்டுக்கு வேண்டியது இங்கிலீஷே இல்லை. “லாங், டூ, ஒன் லோ”, அதாவது லாங்கில் இரண்டு பேர், ஒருவனுக்கு உயிர் குறைவு, என்றால் வேலை முடிந்தது. அந்த மாதிரி இருபது சொல் போதும், அவை இந்த மேப்பின் மொழி. அதற்கு மேலும் ஒருவன் சிரித்தால் அவன் குரலை உடனே அணைத்துவிடுங்கள், இனத்தைச் சொல்லியோ ஊரைச் சொல்லியோ பேசினால் புகார் பொத்தானை அழுத்துங்கள். அவனுக்குப் பதில் சொல்லி ஒரு ரவுண்டை இழக்காதீர்கள். தினமும் ஒரு ஆட்டமாவது தனியாகப் போய் ஆடுங்கள், அந்த இருபது சொல்லையும் பயப்படாமல் பேசிப் பாருங்கள்.

27 வயது ஒரு வயதே இல்லை. தொழில்முறையாக ஆடப் போவதென்றால் தாமதம் என்று சொல்லியிருப்பேன். ஐந்து நண்பர்கள் வேலை முடிந்து வந்து சேர்ந்து ஆடி, தங்களுக்குச் சமமான அணிகளை ஜெயிப்பதற்கு விரல் வேகம் அவ்வளவு தேவையில்லை. நான் இதுவரை சொன்னதில் வயது தடையாக இருக்கும் விஷயம் ஏதாவது இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். காலையில் கடை திறக்க வேண்டியவர் ராத்திரி இரண்டு மணி வரை ஆடுவதுதான் தடை. தூக்கம் குறைந்த கண்ணுக்கு மூலையில் நிற்பவன் தெரிய மாட்டான். வார நாளில் இரண்டு ஆட்டம், அதோடு நிறுத்துங்கள்.

கடைசியாக, பெட்டி திறக்கும் நண்பர். இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். சாவி ஒன்று 2.49 டாலர், நம் காசில் 45 ரேண்ட் பக்கம். 3000 ரேண்டுக்கு ஏறக்குறைய 65 சாவி. சீனாவில் சட்டப்படி வெளியிட வேண்டி வந்தபோது வெளிவந்த கணக்கின்படி, ஒரு பெட்டியில் கத்தி போன்ற அரிய பொருள் வருவதற்கான வாய்ப்பு 0.26 சதவீதம். அதாவது 385 பெட்டிக்கு ஒன்று. 65 பெட்டி திறந்து ஒன்றுகூட வராமல் போவதற்குத்தான் 84 சதவீத வாய்ப்பு. அவர் துரதிர்ஷ்டசாலி இல்லை, கணக்குப்படிதான் நடந்திருக்கிறது. இத்தனை பெட்டி திறந்துவிட்டோம், அடுத்ததில் வரும் என்று நினைப்பார். முந்தைய பெட்டிகளை அடுத்த பெட்டிக்குத் தெரியாது. அந்தக் கத்தி வந்தாலும் ஆட்டத்தில் ஒரு குண்டுகூட நேராகப் போகப் போவதில்லை, அது வெறும் வண்ணப்பூச்சு. இன்னொரு சாவி வாங்குவதற்கு முன்னால் வீட்டில் உள்ள நால்வரிடமும் சொல்லிவிட்டு வாங்குவதாக அவரிடம் வாக்கு வாங்குங்கள். திட்ட வேண்டாம், திட்டினால் மறைத்து வாங்குவார்.

இன்றைக்கே ஆரம்பிப்பதென்றால் ஒன்றை மட்டும் செய்யுங்கள். ஆட்டத்துக்கு உட்காருவதற்கு முன்னால் ஐந்து பேரும் டஸ்ட் 2-ஐத் தனியாகத் திறந்து, அரை மணி நேரம் சும்மா நடங்கள். ஒருவர் ஒரு இடத்தில் போய் நின்று “நான் எங்கே?” என்று கேட்கட்டும், மற்ற நால்வரும் ஒரே பெயரைச் சொல்லும் வரை அடுத்த இடத்துக்குப் போகாதீர்கள். மூன்று வாரம் கழித்து இன்னொரு டெமோ அனுப்புங்கள். தோற்ற ஆட்டமாக இருந்தால் இன்னும் நல்லது. திருச்சி நண்பரையும் தனியாக ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள், அவரிடம் நான் கேட்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.